முனை வெட்டாத ஜெல்

ஆய்வகத்தின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு முறையான ஒரு பெயர் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர் எவரும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக எல்லாருக்கும் அவர் 'சொட்டு'. வயதில் இளையவர்களுக்குச் 'சொட்டு சார்'. அந்தப் பெயர் அவருக்குக் கிடைத்தது தாவரப் பிரிவில். இருபத்திரண்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். உலர்ந்த இலையையும் வேரையும் பொடித்துச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த சாற்றில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது அந்தப் பிரிவின் வேலை. வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தட்டின் கீழ் ஓரத்தில் சாற்றைச் சிறு சிறு சொட்டுகளாக இட்டு, தட்டைக் கரைப்பான் ஊற்றிய சாடிக்குள் நிறுத்துவார்கள். கரைப்பான் பூச்சின் வழியே மெல்ல மேலேறும். சாற்றில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் தன் உயரத்தில் நின்றுவிடும். சொட்டு பெரிதானால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். அவர் ஒரு தட்டில் இட்ட பதினொரு சொட்டுகளும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இடுவார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், தட்டை வைத்துவிட்டுத் திரும்பி, பேசி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு தொடர்வார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அளவு தெரிந்த தூய பொருளைத் தட்டின் இரு ஓரங்களிலும் இடுவார். ஒப்பிடுவதற்கான சாற்றை நட்டநடுவில் இடுவார். சோதிக்க வேண்டியவற்றை இரு பக்கமும் சம எண்ணிக்கையில் பிரித்து வைப்பார். இடமும் வலமும் ஒத்திருந்தால்தான் அவர் கண் அமைதி அடையும். வீட்டிலும் அப்படியே. அவர் துணி காயப்போட்டால் நடுவில் போர்வை, இரு பக்கமும் சட்டைகள், ஓரங்களில் துண்டுகள் என்று தொங்கும். "துணி காயப்போட்டிருக்கீங்களா, இல்ல பட்டாளத்த நிறுத்தி வச்சிருக்கீங்களா?" என்று அவர் மனைவி கேட்பார். பேருந்து நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தில் வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு, வரிசை என்றாலே ஒரு சலிப்பு.

அந்தப் பழக்கத்தால் தாவரப் பிரிவில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கண்ணாடித் தட்டுக்குப் பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான். எந்தப் பக்கம் மேலே என்பதில் குருடனுக்குக்கூட ஐயம் வராது.

முப்பத்தாறு வயதில் அவரை மரபணுப் பிரிவுக்கு மாற்றினார்கள். கை சுத்தம் என்பதே காரணம். இங்கே கண்ணாடித் தட்டு இல்லை, ஜெல் இருந்தது. கடற்பாசியிலிருந்து எடுத்த பொடியைக் காய்ச்சி ஊற்றினால் உறைந்து நிற்கும் மெல்லிய பாளம் அது. அதன் மேல் ஓரத்துக் குழிகளில் டி.என்.ஏ.வை இட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறிய துண்டுகள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் ஓடி, வெவ்வேறு இடங்களில் நிற்கும். பிறகு சாயத் தண்ணீரில் ஊறவைத்து, புறஊதா விளக்கின் மேல் வைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒளிரும் கோடாகத் தெரியும். ஆனால் ஜெல் கண்ணாடி போல ஊடே தெரியும். இரு பக்கமும் ஒன்றே. சாயத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது மீன்குஞ்சு போல வழுக்கும். அது புரண்டுவிட்டால் இடக்கோடி வலக்கோடியாகிவிடும். முதல் ஆளின் விடை கடைசி ஆளுக்குப் போய்விடும். அதனால் அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: மின்சாரத்தை நிறுத்தியதும், ஜெல்லைத் தொடுவதற்கு முன்பே, அதன் கீழ் வலது முனையைக் கத்தியால் சிறிது வெட்டிவிட வேண்டும். வெட்டிய முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். புரண்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு சோதனையைத் திரும்பச் செய்ய நேர்ந்தால், சிவப்பு அட்டை போட்ட ஒரு பதிவேட்டில் தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தண்டனைக்காக வைத்ததல்ல அது. கோளாறு எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்வதற்காகப் பிரிவின் தலைவியான டாக்டரம்மா வைத்தது. ஆயினும் நாளடைவில் அது மானம் போகும் புத்தகமாயிற்று. தேநீர் நேரத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் காரணத்தை மற்றவர் வாசித்துச் சிரிப்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் அவர் பெயர் அதில் ஒருமுறைகூட ஏறவில்லை. "அண்ணே, உங்க கையெழுத்து கோணலா நேரான்னே இந்தப் புத்தகத்துக்குத் தெரியாது" என்று கூட வேலை பார்த்தவர் சொல்வார். அவர் கையை வீசி மறுத்துவிட்டு, கைகழுவும் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டு புன்னகை செய்வார்.

அவருடைய நாற்பத்தைந்தாம் வயதில் அந்தக் குடும்பம் வந்தது. ஒரு தாய், இரண்டு மகள்கள், நடக்க முடியாத பதினேழு வயது மகன். குடும்பத்தில் ஆண்பிள்ளைகளை மட்டும் பிடிக்கும் தசைநலிவு நோய் அது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஐந்தாறு வயதில் விழத் தொடங்கும். பன்னிரண்டுக்குள் கால்கள் ஓய்ந்துவிடும். பெண்களுக்கு நோய் வருவதில்லை. ஆனால் அதை மரபணுவில் சுமப்பார்கள். சுமக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய் சுமக்கிறாள் என்பது முன்பே தெரிந்திருந்தது. மகள்கள் இருவரில் யார் யார் சுமக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மூத்தவருக்கு இருபத்தொன்பது வயது. ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவர். இளையவருக்கு இருபத்து நான்கு.

சோதனை எளிது. மரபணுவின் அந்தப் பகுதியைப் பெருக்கி, ஒரு நொதியைச் சேர்த்தால், பழுதில்லாத மரபணுவை அது இரண்டாக வெட்டும், பழுதுள்ளதை வெட்டாது. பழுதைச் சுமக்காத பெண்ணுக்கு ஜெல்லில் இரண்டு கோடு, சுமப்பவளுக்கு மூன்று. நொதி சரியாக வேலை செய்கிறதா என்று வேறொரு ஜெல்லில் பார்த்து முடித்தபின், அவர் தம் வழக்கப்படி வரிசையை அமைத்தார். இரு ஓரங்களிலும் 'ஏணி'. அளவு தெரிந்த துண்டுகளின் கலவைக்கு அங்கே அதுதான் பெயர். நடுவில் தாய். தாய்க்கு இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தங்கை. கண்ணுக்கு அழகான வரிசை. அந்த அழகினால்தான், புரண்டால் கண்டுபிடிக்க வழியே இல்லாத வரிசையும் அது.

அன்று அவர் முனையை வெட்டவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை தம்மையே கேட்டுக்கொண்டார். அவசரம் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கத்தி மேசையில்தான் இருந்தது. ஆயிரம் முறை செய்த வேலையை ஆயிரத்தோராம் முறை செய்ததாகவே நினைத்துவிட்டார், அவ்வளவுதான். சாயத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது ஜெல் கையிலிருந்து நழுவி, தொட்டியின் விளிம்பில் பட்டு, மறுபடி தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்து விளக்கின் மேல் பரப்பினார். முனையைத் தேடினார். இல்லை. குழிகளின் திறப்பை விரலால் தடவிப் பார்த்தார். விழுந்த வேகத்தில் குழிகளின் ஓரம் கிழிந்திருந்தது. எது மேல்பக்கம் என்று விரலுக்கும் தெரியவில்லை. கோடுகள் மட்டும் துலக்கமாக ஒளிர்ந்தன: இடப்பக்கம் மூன்று, நடுவில் மூன்று, வலப்பக்கம் இரண்டு.

மீதிக் கலவை குழாய்களில் இருந்தது. இன்னொரு ஜெல் ஊற்றி ஓட்ட இரண்டு மணி நேரம் போதும். சிவப்புப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: 'ஜெல் புரண்டது, முனை வெட்டப்படவில்லை.' அந்த வரியைத் தேநீர் நேரத்தில் யார் எந்தக் குரலில் வாசிப்பார் என்பதுகூட அவருக்குக் கேட்டது. விழுந்த விதத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். புரண்டிருக்காது என்று தோன்றியது. மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். இன்னும் உறுதியாகத் தோன்றியது. படம் எடுத்தார். அக்கா சுமக்கிறார், தங்கை சுமக்கவில்லை என்று எழுதினார். மீதிக் கலவையைக் கழிவுத் தொட்டியில் கொட்டினார்.

முடிவு வாங்க அவர்கள் வந்த நாளில், டாக்டரம்மாவின் அறைக் கதவில் இருந்த கண்ணாடி வழியாக அவர் பார்த்தார். அக்கா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அழுதவர் தங்கைதான், அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார் அக்கா. அடுத்த வாரம் முதல் சொட்டு தம் வரிசையை மாற்றிக்கொண்டார். ஏணியை ஒரே ஓரத்தில் இட்டார். ஜெல்லின் முனையை வெட்டியதும் வெட்டிய துண்டை ஒரு தாளில் எடுத்து வைத்தார். ஏன் மாற்றினீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இருந்த பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. இடையில் அவர் அந்த ஐயத்தை மறந்தார் என்று சொல்ல முடியாது. பல்லிடுக்கில் சிக்கிய நார் போல அது இருந்தது; நாக்கு அவ்வப்போது போய்த் தொட்டுவிட்டு வரும். ஓய்வு பெறப் பதினொரு மாதம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மா ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தக் குழாயை அவரிடம் கொடுத்தார். பழைய குடும்பம் என்றார். தங்கையின் மகன்.

அந்தக் குழாயை அவர் கையில் வாங்கியபோதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி எல்லாம் செய்தார். இறந்துபோன தாய்மாமனுக்கு இருந்த அதே பழுது, அதே இடத்தில், சிறுவனுக்கும் இருந்தது. மறுநாள் தங்கையின் ரத்தம் வந்தது: மூன்று கோடு. அதற்கு மறுநாள் அக்காவின் ரத்தம்: இரண்டு. மூன்று ஜெல்களுக்கும் முனையை வெட்டியிருந்தார்.

டாக்டரம்மா பழைய அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். நாற்பது ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். பிறகு அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"ரத்தம் எடுத்த இடத்துலயே குழாய் மாறியிருக்கணும் சார். அக்கா தங்கச்சி, ஒரே நாள், பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க. சிஸ்டரக் கேக்கலாம்னா அவங்களும் இப்ப இல்ல."

ரத்தம் எடுத்த அந்தச் செவிலியர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குழாயில் பெயர் எழுதி ஒட்டியதும், வந்தவர் கையிலேயே குழாயைக் கொடுத்து, "உங்க பேரச் சரியா எழுதியிருக்கேனா, வாய்விட்டுப் படிங்க" என்பது அந்த அம்மாளின் வழக்கம். சொட்டுக்கு அது நன்றாகத் தெரியும். ஆயினும் அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் அன்று மாலை தம் மனைவியிடம் முதலில் சொன்னார். ஜெல் நழுவியது, முனை வெட்டாதது எல்லாம் அதன் பின்னர்தான் வந்தன.

மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று மட்டும் கேட்டார். ஆகவில்லை என்றார் இவர். இவர் முன்னிருந்த சோற்றுத் தட்டைப் பார்த்துவிட்டு அம்மாள் சொன்னார்:

"செத்துப்போனவங்க தலையில கட்டிட்டு நீங்க நிம்மதியாத் தூங்குவீங்கன்னா தூங்குங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனா நேத்தும் தூங்கல, முந்தாநாளும் தூங்கல. பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?"

இன்னும் உறுதியாகத் தெரியாது என்று இவர் மெல்லச் சொன்னார். சிஸ்டரும் மாற்றியிருக்கலாம் அல்லவா? அம்மாள் எழுந்து, இவர் தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரியும். ஆழ்குளிர்ப் பெட்டியின் அடித்தட்டில், பழைய குடும்பங்களின் டி.என்.ஏ. இன்னும் இருந்தது. ஒருமுறை பெட்டி பழுதானபோது அவையெல்லாம் எறியப்பட்டுவிட்டதாக டாக்டரம்மா நினைத்துக்கொண்டிருந்தார். வேறு பெட்டிக்கு மாற்றி வைத்தவர் சொட்டு. அக்காவின் பெயரிட்ட பழைய குழாயில் இன்று மூன்று கோடு வந்தால், ரத்தம் எடுத்தபோதே மாறியது என்று பொருள், பிழை செவிலியருடையது. இரண்டு கோடு வந்தால், வந்த ரத்தம் சரி, மாறியது ஜெல்லில். இவர் கையில்.

சனிக்கிழமை பிற்பகல் ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது அந்தக் குழாய்களை எடுத்தார். பனி படிந்த இரண்டு சிறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவு நீர். அவற்றைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கேட்பார் இல்லை. மூடியைத் திறக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவை உருகும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். மரபணுவைப் பெருக்க இரண்டரை மணி, நொதி வெட்ட ஒரு மணி, ஜெல் ஓட முக்கால் மணி. அத்தனை நேரமும் அவர் விரும்பியது ஒன்றே ஒன்று: இறந்துபோன அந்த அம்மாள் தவறு செய்திருக்க வேண்டும். தம் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக எதையும் விரும்பியதில்லை என்று பிறகு அவர் சொன்னார்.

அக்காவின் குழாயில் இரண்டு கோடு. தங்கையின் குழாயில் மூன்று.

படத்தை எடுத்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து சிவப்புப் பதிவேட்டை எடுத்தார். அன்றைய தேதியிட்டு எழுதினார்: 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஓட்டிய ஜெல் புரண்டது. முனை வெட்டப்படவில்லை. ஐயம் எழுந்தும் திரும்பச் செய்யவில்லை. இரு சகோதரிகளின் முடிவுகள் மாறிப்போயின. செவிலியர் மேல் பிழை இல்லை.' கையெழுத்திட்டார். அது கோணலாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அதை நின்றபடியே வாசித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார் சொட்டு. வந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்: இதே வரிசையில், முனை வெட்டாமல் இன்னும் எத்தனை?

"இது ஒண்ணுதான் மேடம்."

"இது ஒண்ணுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கு."

ஒன்பது ஆண்டுப் படங்களையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பிழை ரத்தம் எடுத்த இடத்தில் என்றே முடித்திருந்தால் அந்தப் படங்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதை டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. குழாய் மாறியதாக அக்காவிடம் தாம் சொல்லியிருந்ததால், அவரை வரவழைத்துத் தாமே விளக்குவதாக டாக்டரம்மா சொன்னார். சொட்டு, அதை மட்டும் தமக்கு விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அக்கா கடைக்குப் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது நாற்பத்தொரு வயது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சொட்டு எதையும் மழுப்பவில்லை. கத்தி மேசையில் இருந்ததைக்கூடச் சொன்னார். அவர் முடித்ததும் அக்கா கேட்டார்:

"அன்னைக்கே உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சா சார்?"

இல்லை என்று சொல்ல இடம் இருந்தது. அந்தக் கணத்தை உலகில் வேறு யாரும் பார்த்ததில்லை.

"வந்துச்சும்மா."

"திரும்பப் பண்ணியிருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரம்" என்றார் அக்கா. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். தமக்காக ஒருவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தாராம். வீட்டு நோயை வெளியே சொல்ல விரும்பாமல், காரணம் எதுவும் சொல்லாமலே அவரை மறுத்துவிட்டாராம். இப்போது அவருடைய மகள் கண்ணாடி மாற்றிக்கொள்ள இவருடைய கடைக்குத்தான் வருகிறாளாம், நல்ல பெண்ணாம், பார்வை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதாம். சொட்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதை அப்புறம் வச்சுக்கலாம். இப்ப எனக்கு ஒரு வேலை ஆகணும். குழாய் மாறிப்போச்சுன்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து என் தங்கச்சி ஒழுங்காச் சாப்பிடல. அன்னைக்கு நான் உக்கார வேண்டிய நாற்காலில பயத்துல அவ முந்திப் போய் உக்காந்தாளாம், அதனாலதான் மாறிச்சாம், அக்காவோட வாழ்க்கைய எடுத்துக்கிட்டேன்னு ஒரே புலம்பல். நான் சொன்னா, தேத்தறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பா. நீங்க வந்து சொல்லுங்க."

வியாழக்கிழமை பிற்பகல் தங்கையின் வீட்டுக்கு அவர் போனார். சாலையிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏழு படிகள். ஒரு பக்கம் புதிதாகக் கைப்பிடிக் கம்பி பதித்திருந்தார்கள். சிமெண்டு இன்னும் வெளுக்கவில்லை. தங்கையின் கணவர் வேலைக்குப் போயிருந்தார், சிறுவன் பள்ளியில். தங்கை அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. விருந்தாளி முன் அழுதுவிடக் கூடாது என்ற கவனம் மட்டும் இருந்தது.

சொட்டு தம் பையிலிருந்து ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்தார். முந்தின நாளே அளந்து வெட்டியது. அதில் பேனாவால் கோடுகளை வரைந்தார்: இரு ஓரங்களில் ஏணி, நடுவில் அம்மா, இடப்பக்கம் அக்காவுக்கு இரண்டு, வலப்பக்கம் தங்கைக்கு மூன்று. இதுதான் உண்மை என்றார். பிறகு தாளைப் புரட்டி வைத்தார். இது நான் எழுதிக் கொடுத்தது என்றார். சிஸ்டர் பெயரைத் தப்பாக எழுதவில்லை; நாற்காலியில் யார் முதலில் உட்கார்ந்தாலும் இதில் மாற்றம் இல்லை; உங்கள் இருவர் ரத்தமும் அவரவர் பெயரில் சரியாகத்தான் வந்து சேர்ந்தது; வந்தபின் என் கையில் மாறிற்று.

தங்கை தாளை வாங்கினார். புரட்டினார். மறுபடி புரட்டினார். அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் முந்தி உக்காந்ததால இல்ல."

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

தங்கையின் தோள்கள் இறங்கின. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததில் சொட்டுக்கும் ஒரு கணம் மூச்சு வந்தது. உடனே அந்த மூச்சுக்காக வெட்கப்பட்டார். தங்கை தாளை மேசையில் வைத்து, அதன் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"அன்னைக்கு நீங்க சரியாச் சொல்லியிருந்தா, நான்தான் பிள்ளை வேணாம்னு இருந்திருப்பேன். இவன் பொறந்திருக்கவே மாட்டான். இல்லையா சார்?"

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்விகள் பல. இது அவற்றில் ஒன்றல்ல. தாம் செய்த தவற்றின் நீள அகலத்தை அளந்து வைத்திருந்ததாக நினைத்திருந்தார். அந்த அளவுக்குள் இந்தச் சிறுவன் நோயாளியாக மட்டுமே இருந்தான். அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவருடைய பதிலுக்காகக் காத்திருப்பது போலத்தான் நின்றார்.

"தெரியலம்மா" என்றார். "எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார் தங்கை. "உங்க மேல முழுசாக் கோபப்படலாம்னு பார்த்தா, பாதிலயே இவன் வந்து நிக்கிறான்."

வாசலில் பள்ளி வண்டியின் ஒலிப்பான் இருமுறை கேட்டது. அக்கா பழக்கத்தால் படியை நோக்கித் திரும்பினார். தங்கை எழுந்து, நான் போகிறேன் என்றார். இரு என்றார் அக்கா. கடைசியில் இருவருமே போனார்கள். சொட்டைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அறையில் மிஞ்சியது அவரும், மேசைமேல் அந்தத் தாளும்தான்.

வண்டி கிளம்பிப் போன ஓசைக்குப் பின் படிகளில் காலடிகள் கேட்டன. மெதுவானவை, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்ததற்கு ஏறுபவை. பாதி ஏறியதும் சிறுவனின் குரல், வாசலில் கிடப்பது யார் செருப்பு என்று கேட்டது.

"உனக்கு ரத்தம் பார்த்தாங்கல்ல, அந்த இடத்துல வேலை பார்க்கிற மாமா" என்றார் தங்கை.

"மறுபடியும் ஊசியா?"

"இல்லடா. பேசத்தான் வந்திருக்கார்."

"என்ன பேச?"

காலடிகள் சற்று நின்று, பின் மறுபடியும் ஏறத் தொடங்கின. உள்ளே அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.